காய்க்காத மரம், பெருக்காத காய்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க

நம் குமரி மாவட்டத்தில் விளையில் (தோட்டத்தில்) நிற்கிற மா காய்க்கவில்லை, சக்கை (பலா) சிறுத்துப் போச்சு, ஏத்தன் (நேந்திரன்) வாழையின் குலை மெலிந்து வந்தது. எதுவானாலும் நாம் உடனே செய்வது ஒரே வேலைதான். உரக்கடைக்குப் போய் எதையாவது வாங்கி மூட்டில் (மரத்தின் அடியில்) கொட்டுவோம். பல சமயம் அது வீண். சில சமயம் அதுவே கேடு. பங்குனியில் மரத்தில் காய் இல்லையென்றால், அது பல வாரங்களுக்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம். அதைப் பங்குனியில் போடுகிற யூரியா மாற்றாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, தடை எந்தக் கட்டத்தில் வந்தது என்பதுதான். பூவே வரவில்லையா? பூ வந்து பிஞ்சு பிடிக்கவில்லையா? பிடித்த பிஞ்சு நிற்கவில்லையா? நின்ற காய் பெருக்கவில்லையா? இந்த நாலுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. உங்கள் மரத்துக்குப் பொருந்துகிற இடத்தைக் கீழே பாருங்கள்.

மரம் செழித்து நிற்கிறது, பூக்கவே இல்லை

கொட்டை போட்டு முளைத்ததா, ஒட்டா என்று பாருங்கள். ஒட்டு மா மூன்று, நாலு வருஷத்தில் பூக்கும். கொட்டையில் வந்த மா ஆறு முதல் பத்து வருஷம்கூட எடுக்கும். அதுவரை அது குழந்தை மரம், எந்த உரமும் அதை அவசரப்படுத்தாது. ஒட்டு என்று காசு கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் மூட்டைக் குனிந்து பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் ஒட்டிய தழும்பு இருக்க வேண்டும். மேலே ஒட்டிய கம்பு பட்டுப்போய், தழும்புக்குக் கீழிருந்து கிளம்பிய முளைதான் மரமாகி நிற்கிறது என்றால், நீங்கள் வளர்ப்பது நாட்டுக் கொட்டை மரம். இது நம் பக்கத்தில் நிறைய நடக்கிறது, வீட்டுக்காரருக்குத் தெரிவதே இல்லை.

மலையோரத்தில் இப்போது வீட்டுக்கு வீடு நடுகிற மரங்களில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். ஜாதிக்காயில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. விதையில் வளர்த்தால் எது வரும் என்று பூக்கும் வரை தெரியாது. பெண் ஒட்டுகளை நட்டு, பத்துக்கு ஒன்று ஆண் வைத்தால் போதும். ரம்புட்டானும் கொட்டையில் வளர்த்தால் ஆணாகப் போகும் ஆபத்து அதிகம், ஒட்டுதான் நம்பிக்கை. மங்குஸ்தான் இதற்கு நேர்மாறு. அதன் விதை மகரந்தம் சேராமலே உண்டாவதால் கன்று அப்படியே தாயைப் போல் வரும். ஏழு, எட்டு வருஷம் பொறுமை மட்டும் வேண்டும்.

வயது சரி, ஒட்டும் சரி, இன்னும் பூ இல்லை என்றால் மரத்தின் நுனியைப் பாருங்கள். மாவுக்கு இதுதான் சாவி. மா முற்றிய நுனியில்தான் பூக்கும். கொழுந்து விட்டு நாலைந்து மாதமாவது ஓய்ந்த கிளைநுனியாக இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. இரண்டும் பெய்கிற மேற்குப் பகுதியில் மரம் ஓய்வதே இல்லை. ஒரு கொழுந்து முற்றுவதற்குள் அடுத்த கொழுந்து வந்துவிடுகிறது. இதற்கு மேல் குளியலறைத் தண்ணீரும் மாட்டுத் தொழுவத்துக் கழுநீரும் மூட்டில் பாய்ந்தால் பூவை மறந்துவிடலாம்.

ஒரு சின்னச் சோதனை. நுனியிலிருந்து ஓர் இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள். துணி மாதிரி துவண்டால் அது இளசு. மொறமொறவென்று நொறுங்கினால் முற்றிவிட்டது. மரத்தில் பெரும்பாலான நுனி துவள்கிறது என்றால் மரம் இன்னும் தழைக்கிற புத்தியில்தான் இருக்கிறது.

அப்படியானால் கழுநீரை வேறு பக்கம் திருப்புங்கள். யூரியாவை நிறுத்துங்கள். பூக்கும் காலத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் மாவுக்குத் தண்ணீரே விட வேண்டாம். கவாத்து (கிளை வெட்டுதல்) செய்வதானால் காய் பறித்த கையோடு செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் புதுக் கொழுந்து முற்ற நேரம் இருக்காது. இலை முற்றியும் மொட்டு கிளம்பவில்லை என்றால் லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து இலை நனையத் தெளிக்கலாம். இளம் இலையில் தெளித்தால் பயனில்லை. மார்கழிக் காலையில் மாமூட்டில் சருகு கூட்டிப் புகை போடுகிற பழைய வழக்கத்தையும் தள்ளிவிட வேண்டாம். புகையில் எத்திலீன் உண்டு, அது பூக்கத் தூண்டும். மரத்தின் வளர்ச்சியை அடக்குகிற பக்லோபியூட்ரசால் மருந்தை ஊற்றச் சொல்லிச் சிலர் வருவார்கள். பெரிய தோப்பில், அளவு தெரிந்தவர் கையில் அது வேலை செய்யும். ஆனால் அது மண்ணில் நெடுநாள் தங்கும். வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற மரத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

கொய்யாவில் கணக்கு தலைகீழ். கொய்யா புதுக் கொழுந்தில்தான் பூக்கும். ஆகவே பூக்காத கொய்யாவின் நுனிகளை ஒரு சாண் வெட்டிவிடுங்கள், அல்லது நிமிர்ந்து நிற்கிற கிளைகளை வளைத்துக் கயிற்றால் தரையில் முளை அடித்துக் கட்டுங்கள். வளைந்த கிளை நெடுகப் புதுத் தளிர் விட்டு, தளிரோடு மொட்டும் வரும். மாவையும் கொய்யாவையும் ஒரே நாளில் ஒரே கத்தியால் வெட்டுகிற பழக்கத்தை விடத்தான் வேண்டும்.

நிழல் இன்னொரு காரணம். தென்னை, ரப்பர், அயனி இவற்றுக்கு நடுவே சிக்கிய மா, வெயில் தேடி ஒல்லியாக மேலே போகுமே தவிரக் காய்க்காது. நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது இலையில் விழ வேண்டும். முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்து, மரமூட்டை மட்டும் ஒரு வட்டம் விட்டுவைப்பதும் இப்போது பெருகியிருக்கிறது. உணவெடுக்கிற வேர் மூட்டில் இல்லை, கிளைநுனிக்கு நேர்கீழே இருக்கிறது. அங்கே கல்லை மூடினால் காற்றும் தண்ணீரும் போகாது.

பூக்காத மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். பட்டையில் காயம் பட்டால் மரம் பயந்து ஒரு தடவை பூக்கலாம். அந்தக் காயத்தில் தண்டு துளைக்கிற வண்டு முட்டையிட்டால் பிறகு மரமே மிஞ்சாது.

ஒரு வருஷம் கொட்டுகிறது, மறு வருஷம் ஒன்றுமில்லை

மாவில் இது இயல்பு. நிறையக் காய் சுமந்த வருஷம் மரத்தின் சேமிப்பு காலியாகும். வளர்கிற கொட்டையிலிருந்து வருகிற சுரப்பும் அடுத்த பூ மொட்டைத் தடுக்கும். நீலம் கிட்டத்தட்ட வருஷாவருஷம் காய்க்கும் ரகம், புதிதாக நடுபவர்கள் அதைக் கணக்கில் கொள்ளலாம். நிற்கிற மரத்துக்கு வழி ஒன்றுதான். கொட்டுகிற வருஷத்தில் பிஞ்சைக் கொஞ்சம் கிள்ளிக் குறையுங்கள், அறுவடை முடிந்த உடனே சாணமும் உரமும் கொடுங்கள். காய் பறித்த மரத்தை அடுத்த பூ வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மரம் பட்டினி கிடப்பது அப்போதுதான்.

பூக்கிறது, பிஞ்சு பிடிக்கவில்லை

மாவில் ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூ இருக்கும், பெரும்பாலும் ஆண்பூ. கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே நல்ல விளைச்சல். அதுவும் இல்லையென்றால் மரத்தடியில் போய் நில்லுங்கள். சின்னச் சாம்பல் நிறப் பூச்சிகள் சடசடவென்று தெறித்து முகத்தில் மோதுகிறதா, இலை பிசுபிசுக்கிறதா, கரி பூசியதுபோல் கறுத்திருக்கிறதா? தத்துப்பூச்சி. மொட்டு கிளம்பும்போதே லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்க வேண்டும். பூ விரிந்தபின் தெளித்தால் மகரந்தம் சேர்க்கிற ஈக்கும் தேனீக்கும் கேடு. நெருக்கமான மரத்தில் நடுக்கிளை ஒன்றிரண்டை எடுத்து வெளிச்சம் விட்டாலே இந்தப் பூச்சி பாதி அடங்கும்.

பூக்காம்பில் வெள்ளை மாவு தூவியதுபோல் இருந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். ஆனால் வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளிக்காதீர்கள், இலையும் பூவும் கருகிவிடும். பூ நேரத்தில் மழை பெய்து, கொத்து கறுத்துக் கரிந்தால் அது கரும்புள்ளி நோய். காய்ந்த சுள்ளிகளில்தான் அந்தப் பூஞ்சை அடுத்த பருவம் வரை ஒளிந்திருக்கும். அறுவடைக்குப் பின் அவற்றை வெட்டி எரிப்பது எந்த மருந்தையும் விட மேல்.

இன்னொரு வகை உண்டு. கொத்தின் நுனியில் கோலிக்குண்டு அளவில் ஏராளமான காய் நெருங்கி நிற்கும், வளராது, ஒரு மாதத்தில் உதிரும். ஒன்றைப் பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். உள்ளே கொட்டை உருவாகியிருக்காது. மகரந்தம் சேரவில்லை என்று பொருள். பூக்காலத்தில் தொடர் மழையும் கண்மூடித்தனமான மருந்தடிப்பும் இதற்குக் காரணம். இதற்கு உரம் மருந்தல்ல, தேனீப் பெட்டிதான் மருந்து. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்கள் நிறைய இருக்கும் நம் மாவட்டத்தில் அது எட்டாத பொருளல்ல.

கொல்லாமாவில் (முந்திரியில்) இளங்குருத்தும் பூங்கொத்தும் தீயில் காட்டியதுபோல் கருகினால் அது தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி. மிசிறு எறும்புக் கூடு உள்ள மரத்தில் இது குறையும். கடிக்கிறது என்று அந்தக் கூட்டைக் கலைக்க வேண்டாம்.

"சக்கைப் பிஞ்செல்லாம் கறுத்து விழுது"

திருவட்டாறு பக்கம் வயதான ஓர் அம்மா என்னிடம் இப்படித்தான் கேட்டார்கள். "மக்களே, உரம் வச்சாச்சு, மருந்தும் அடிச்சாச்சு. பிஞ்சு நிக்கவே மாட்டேங்குது." விழுந்து கிடந்ததை எடுத்துப் பார்த்தால் விரல் நீளம், வழவழப்பு, மேலே பூசணம். நான் சொன்னேன்: "அம்மா, இது பிஞ்சில்ல. ஆண் பூ. பொடி உதிர்த்த பிறகு விழத்தான் செய்யும்."

சக்கையில் ஆண் கதிர், பெண் கதிர் இரண்டும் ஒரே மரத்தில் வரும். ஆண் கதிர் மெலிந்து, பெரும்பாலும் கிளைநுனிப் பக்கம் இருக்கும், மேலே மஞ்சள் பொடி தெரியும். பெண் கதிர் தடித்த காம்பில், அடிமரத்திலும் பெருங்கிளையிலும் வரும், காம்பு சேர்கிற இடத்தில் ஒரு வளையம் இருக்கும், மேலே மெல்லிய முள் மாதிரி சூல்முடி நீட்டியிருக்கும். ஆண் விழுந்தால் கவலை வேண்டாம். பெண் கறுத்து அழுகினால்தான் நோய். விழுந்ததைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், மரத்தைச் சுற்றிக் காற்றோட்டம் விடுங்கள், மழைக்கு முன் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் தெளியுங்கள்.

சக்கை ஒரு பக்கம் குழிந்து கோணலாக வளர்கிறதா? ஒவ்வொரு சுளையும் தனியொரு பூ. மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகும், சேராதது சடையாக நிற்கும். குழிந்த பக்கத்தை வெட்டிப் பார்த்தால் சடைதான் மிகுதி. தனிமரமாக நிற்கிற சக்கையில் இது அதிகம். மரம் வயதாக வயதாகக் கதிர் கூடும்போது தானே சரியாவதும் உண்டு.

பிஞ்சு பிடித்து உதிர்கிறது

பட்டாணி அளவில் கொஞ்சம் உதிர்வது மரம் தானே செய்கிற களையெடுப்பு. எலுமிச்சை அளவுக்கு மேல் வந்தபின் உதிர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். நம் ஊரில் தை பிறந்ததும் மழை நின்றுவிடும். காய் வளர்கிற மாசி, பங்குனியில்தான் மண் வறண்டு கிடக்கும். காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று தண்ணீரைக் கொட்டினாலும் உதிரும். பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போதே தொடங்கி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி மாறாமல் விடுங்கள். கிளைநுனி வட்டத்தில் ஒரு சால் எடுத்து, தேங்காய்க் கதம்பையை (உரித்த மட்டையை) நார்ப்பக்கம் மேல்நோக்கி அடுக்கி மண் மூடினால் ஈரம் வெகுநாள் நிற்கும், கொஞ்சம் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) கிடைக்கும்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் காற்றும் ஒரு காரணம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று காம்பைத் திருகிவிடும், பூவின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். மேற்கு எல்லையில் இரண்டு வரிசை சவுக்கு அல்லது மூங்கில் வைத்தால்தான் மா நிற்கும்.

பயிர் ஊக்கி வேண்டுமென்றால் மாவுக்கு என்.ஏ.ஏ. (நாப்தலீன் அசிட்டிக் அமிலம்) 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு. கடையில் கிடைக்கிற 4.5 சதக் கரைசலில் 10 லிட்டர் தண்ணீருக்கு 4.5 மில்லி. கூடினால் அதுவே காயை உதிர்க்கும், கண்ணளவில் ஊற்றாதீர்கள்.

காய் நிற்கிறது, பெருக்கவில்லை

காயின் அளவு பெரிதும் தீர்மானமாவது பிஞ்சு பிடித்த முதல் சில வாரத்தில். அப்போதுதான் காய்க்குள் அணுக்கள் பெருகும். அதன் பிறகு இருக்கிற அணுக்கள் விரிவது மட்டுமே. முதல் கட்டத்தில் பட்டினி போட்டு, காய் பெரிதாக வராததற்குக் கடைசியில் உரம் வைத்துப் பயனில்லை.

முதலில் பாருங்கள், காய் அதிகமா? எண்ணிக்கையும் அளவும் ஒரே சோற்றைப் பங்குபோடுகின்றன. கொய்யாவில் ஒரு கணுவில் ஒன்று, சக்கையில் ஒரு காம்பில் ஒன்று, கைக்கு எட்டுகிற மாவில் கொத்துக்கு ஒன்றிரண்டு விட்டு மற்றதை எடுங்கள். சக்கையில் எடுத்த பிஞ்சு வீணில்லை, இடிச்சக்கைத் தோரனாகும் (பிஞ்சுப் பலாப் பொரியல்). மனசு வராது, தெரியும். ஆனால் பெண்டுலம் மாதிரி தொங்குகிற பத்து சின்னச் சக்கையைவிட ஐந்து பெரிய சக்கையில் சுளையும் தடிக்கும்.

காய் குறைவாகவே இருந்தும் சிறுத்தால் மண்ணைப் பாருங்கள். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்புரை மண் புளித்த (அமில) மண். அதிக மழை சாம்பல் சத்தையும் போரானையும் சுண்ணாம்புச் சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அந்த மண்ணிலேயே மாட்டிக்கொள்ளும், மரத்துக்குக் கிடைக்காது. இங்கே சுண்ணாம்பு அல்லது டோலமைட் போட்டுப் புளிப்பைக் குறைக்காமல் போடுகிற உரத்தில் கணிசமானது வீண். சுண்ணாம்பு போட்டு இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் யூரியா. சேர்த்துப் போட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகப் போய்விடும். மணிச்சத்துக்கு இந்தப் புளித்த மண்ணில் ராக் பாஸ்பேட் நன்றாக ஒத்துவரும்.

காய்க்கிற மா ஒன்றுக்கு வருஷத்துக்கு 50 கிலோ தொழுஉரம், தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல் சத்து 1.5 கிலோ என்பது பொதுவான பரிந்துரை. அந்த ஒன்றரை கிலோ சாம்பல் சத்துக்குக் கடையில் கிடைக்கிற பொட்டாஷ் உரம் ஏறக்குறைய 2.5 கிலோ வேண்டும். காயைப் பெருக்க வைப்பது சாம்பல் சத்துதான், யூரியா அல்ல. ஒரே தடவையில் போட்டால் நம் மழை கொண்டுபோகும். மழை வலுப்பதற்கு முன் ஒரு பாதி, இடையில் கிடைக்கிற வெயிலில் மறுபாதி. மூட்டில் அல்ல, கிளைநுனி வட்டத்தில்.

கொய்யா சிறுத்து, தோல் வெடித்து, உள்ளே கல்லாக இறுகினால் போரான் குறைவு. லிட்டருக்கு 3 கிராம் போராக்ஸ் தெளித்தால் போதும். பொதுவாகக் கொய்யா விளைச்சல் கூட மார்ச்சிலும் அக்டோபரிலும் யூரியா 1 சதம், துத்தநாக சல்பேட் அரை சதம் கலந்து தெளிக்கலாம்.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் சாய்ந்து, நிமிர்த்திக் கட்டிய மரங்களுக்குத் தனிக் கணக்கு. வேர் ஒரு பக்கம் அறுந்த மரம் பழைய தலையைச் சுமக்க முடியாது. இன்னும் காய் சிறுக்கிறதென்றால் கிளையைக் குறைத்து, தலையை வேருக்குச் சமமாக்குங்கள்.

வாழைக்குலை மெலிந்து வருகிறது

குலையில் எத்தனை சீப்பு என்பது குலை வெளியே தள்ளுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தண்டுக்குள் முடிவாகிவிடும். சீப்பு எண்ணிக்கை குறைவு என்றால் நட்ட முதல் ஐந்து மாதத்தில் குறை வைத்திருக்கிறீர்கள். சீப்பு சரி, காய் மட்டும் ஒல்லி என்றால் குலை தள்ளிய பிறகு குறை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

முதல் வகைக்கு உரத்தைத் தொடக்கத்திலேயே பிரித்து வைக்க வேண்டும், பக்கக் கன்றுகளை மாதாமாதம் அறுக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு இலையைக் காப்பாற்றுங்கள். குலை தள்ளும்போது எட்டு நல்ல இலையாவது வேண்டும். பந்திக்கு இலை அறுக்கிற வாழையில் குலை பெருக்காது. இலைப்புள்ளி நோய் தின்கிற வாழையிலும் அப்படியே. கடைசிச் சீப்பு விரிந்ததும் கூம்பை (நுனியில் தொங்கும் வாழைப்பூவை) ஒடித்துவிடுங்கள். பொட்டாசியம் சல்பேட் லிட்டருக்கு 15 கிராம் கரைத்துக் குலை நனையத் தெளியுங்கள்.

ஏத்தனில் சீப்பு குறைவாக, விரல் பெரிதாக இருப்பது அதன் குணம். மட்டியில் விரல் சின்னதாக இருப்பதும் அதன் குணம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டியை உரம் வைத்துப் பெருக்கப் பார்க்காதீர்கள். மணமும் ருசியும்தான் அதன் விலை.

வெடிக்கிறது, பால் கட்டுகிறது

ரம்புட்டான், சக்கை, எலுமிச்சை எதுவானாலும் வறண்டிருந்த மண்ணில் திடீர் மழை விழும்போது வெடிக்கும். உள்ளே சதை வேகமாக வீங்கும், தோல் ஈடுகொடுக்காது. மங்குஸ்தானில் இதே காரணத்தால் சுளையில் மஞ்சள் பால் கட்டும். ஈரம் சீராக இருந்தால் இரண்டும் குறையும். சருகு மூடாக்கு, கதம்பை, கூடவே ரம்புட்டானுக்குப் பொட்டாஷ்.

வயதான மரம் வருஷாவருஷம் தேய்கிறது

அண்ணாந்து பாருங்கள். மாவிலையோடு ஒட்டாத தடித்த இலைக்கொத்து தெரிந்தால் புல்லுருவி. பறவை எச்சத்தில் வந்து கிளைச்சாற்றை உறிஞ்சும். அது பழுப்பதற்கு முன், ஒட்டிய இடத்துக்கு ஒரு அடி கீழே கிளையோடு வெட்டுங்கள். வெறுமனே இழுத்துப் பறித்தால் மறுபடி தழைக்கும். அடிமரத்தில் மரத்தூள் வழிந்தால் துளைப்பான். ஓட்டையில் கம்பி விட்டுப் புழுவைக் குத்தி எடுத்து, மருந்து நனைத்த பஞ்சு வைத்துக் களிமண்ணால் அடையுங்கள்.

ரகமே சரியில்லாத மரமென்றால் வெட்டிப்போட வேண்டியதில்லை. கிளையைக் குறைத்து, வருகிற புதுக் கொழுந்தில் நல்ல ரகத்தை ஒட்டலாம். செங்கவருக்கை மாதிரி நம் ஊர் மா உங்கள் உறவினர் விளையில் நின்றால் அதிலிருந்தே கம்பு எடுங்கள். பலாவில் நல்ல ஒட்டுக்குப் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம்.

மேலே சொன்ன எதிலும் உங்கள் மரம் அடங்கவில்லை என்றால் மண் பரிசோதனைதான் அடுத்தது. பழமரத்துக்கு மேல்மண் மட்டும் போதாது. கிளைநுனி வட்டத்தில் குழி எடுத்து ஓர் அடி, இரண்டு அடி, மூன்று அடி ஆழத்தில் தனித்தனியாக மண் எடுங்கள். புதிதாக உரம் வைத்த இடத்தையும் சாணக்குழி ஓரத்தையும் தவிர்த்து, நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு பையிலும் மரத்தின் பெயர், வயது, ஆழம் எழுதிக் கொடுங்கள்.